காலையில் சாய்ந்து நிற்கும் எஸ்.யூ.வி.: ஏர் சஸ்பென்ஷன் பழுதை வாசலிலேயே கண்டுபிடிக்க

இரவு நேராக நிறுத்திய வண்டி, காலையில் பால் வாங்க வெளியே வந்து பார்த்தால் முன்பக்க இடது மூலை மட்டும் இறங்கி, மாடு முன்காலை மடித்துப் படுக்கத் தொடங்கியதுபோல நிற்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் அரை நிமிஷத்தில் எழுந்து நேராகிவிடும். சரி, எழுந்துவிட்டதே என்று நாமும் கிளம்பிவிடுவோம். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று மாதம் இப்படித்தான் நடந்தது. நான்காவது மாதம் கத்திரி வெயில் நேரத்தில் வாணியம்பாடியிலிருந்து திரும்பும்போது, பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஓரம் கட்டி நிறுத்துவதற்குள் நான்கு பக்கமும் உட்கார்ந்துவிட்டது.

ஒர்க்‌ஷாப்பில் "கம்ப்ரஸர் போயிடுச்சு சார்" என்றார்கள். மாற்றினேன். பெரிய செலவு. ஐந்தே மாதத்தில் புதுக் கம்ப்ரஸரும் கருகியது. அப்புறம்தான் லாரிகளுக்கு ஏர் பிரேக் வேலை பார்க்கும் ஒரு பாயிடம் போய் நின்றேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. இந்த மாதிரி வண்டியில் அவர் கை வைத்ததே இல்லை. ஆனால் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி.

"காத்து எங்க போவுதுன்னு பாத்தியா தம்பி?"

"இல்ல பாய், கம்ப்ரஸர்தான் போச்சுன்னு சொன்னாங்க."

"காத்து போற எடத்தப் பாக்காம மோட்டார மாத்தினா இன்னா ஆவும்? அது ராவும் பகலும் ஊதிக்கினே கெடக்கும். எரிஞ்சிதான் போவும்."

ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி, முன் இடது சக்கரத்துக்கு மேலே இருக்கும் ரப்பர் மடிப்பில் ஊற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மடிப்பின் ஓரத்தில், பொங்கல் பானையில் முதல் நுரை கட்டுவதுபோல, பொடிப் பொடிக் குமிழிகள் ஒரு கோடாக வந்து நின்றன. ரப்பரில் மயிரிழை வெடிப்பு. அதில் கசிந்த காற்றை ஈடுகட்டத்தான் இரண்டு கம்ப்ரஸர்கள் உயிரை விட்டன.

ஏர் சஸ்பென்ஷன் வண்டியைப் புதிதாக, குறிப்பாக செகண்ட் ஹேண்டில், வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வண்டிகளுக்கான கம்பெனி சர்வீஸுக்கு நம் பக்கத்துக்காரர்கள் பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போகவேண்டியிருக்கிறது. போவதற்கு முன் எது பழுது என்று பாதியாவது தெரிந்துகொண்டு போனால் பணமும் மிச்சம், மனமும் நிம்மதி.

உள்ளே என்ன இருக்கிறது

சாதாரண வண்டியில் இரும்புச் சுருள் தாங்கும் எடையை இதில் காற்று அடைத்த ரப்பர் பை தாங்குகிறது. சென்னை–பெங்களூரு ஓடும் வால்வோ பஸ் நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வருமே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். ஒரு சின்ன மின்சாரக் கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. அந்தக் காற்று டிரையர் என்ற குடுவை வழியாகப் போகும்போது ஈரம் உறிஞ்சப்படுகிறது. அடுத்து வால்வ் பிளாக். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று என்று திறந்து மூடுவது இதுதான். அங்கிருந்து பென்சில் பருமன்கூட இல்லாத நைலான் குழாய்கள் ஒவ்வொரு பைக்கும் போகின்றன. சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள உயர சென்சார், வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கன்ட்ரோல் யூனிட்டுக்கு, அதாவது சஸ்பென்ஷனை நிர்வகிக்கும் குட்டிக் கணினிக்கு, சொல்கிறது. பல வண்டிகளில் காற்றைச் சேமித்து வைக்க ஒரு தொட்டியும் உண்டு. பழைய பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 போன்ற சிலவற்றில் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் காற்றுப் பை; முன்னால் வழக்கமான சுருள்தான்.

கடையில் பேசும்போது 'ஏர் பேக்' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்டியரிங்கில் இருக்கும் பாதுகாப்புப் பையைச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். 'ஏர் ஸ்பிரிங்' அல்லது 'பெல்லோஸ்' என்றால் லாரி மெக்கானிக்குக்கும் புரியும்.

கை வைப்பதற்கு முன்

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். காற்றுப் பையை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக்கூட நுழைக்கக் கூடாது. ஒரு வால்வ் திறந்தால் போதும், வண்டி சட்டென்று இறங்கிவிடும். ஜாக்கி மட்டும் போதாது, இரும்பு ஸ்டாண்டு வேண்டும், அதுவும் சமதளத்தில். ஜாக்கி போடும் முன் வண்டியின் மெனுவில் ஜாக்கி மோடு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சக்கரம் தொங்குவதைப் பார்த்து கன்ட்ரோல் யூனிட் உயரத்தைச் சரிசெய்யக் கிளம்பிவிடும்.

காற்று இருக்கும்போது குழாயைக் கழற்றுவதும் கூடாது. கார் டயரில் நாம் அடிப்பது 32, 35 பி.எஸ்.ஐ.; இந்தச் சேமிப்புத் தொட்டியில் 200 பி.எஸ்.ஐ.க்கு மேலேயே போகும். கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

முதலில் பேட்டரி

வண்டியை நோண்டுவதற்கு முன் மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் சுற்றி இருந்தால் நல்லது. 12.2-க்குக் கீழே என்றால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். கம்ப்ரஸர் நிறைய மின்சாரம் இழுக்கும் மோட்டார். பேட்டரி தளர்ந்தால் சஸ்பென்ஷன் எச்சரிக்கை சும்மாவே வரும். நம் ஊர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் தளரும் என்பது இங்கே வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இரவுச் சோதனை

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. ஒரு டேப்பும் நோட்டும் போதும்.

சாயங்காலம் வண்டியைச் சமமான தரையில் நிறுத்துங்கள். சத்துவாச்சாரி, காட்பாடி தெருக்களில் வாசல் சரிவாக இருக்கும். அங்கே அளந்து பயனில்லை. சிமென்ட் போட்ட கார் ஷெட், கல்யாண மண்டபத்து பார்க்கிங் மாதிரி இடம் நல்லது. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். நான்கு சக்கரம், நான்கு எண். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், கதவைக்கூடத் திறக்காமல் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள்.

இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நிறுத்திவைத்த பிறகும் பல வண்டிகளின் கன்ட்ரோல் யூனிட் அவ்வப்போது விழித்துப் பார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால், வண்டி கோணலாக நிற்கக் கூடாதென்று மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக இறக்கிவிடும். ஓட்டை ஒரு பையில். காலையில் இறங்கி நிற்பதோ நான்கு பக்கமும். அதைப் பார்த்துத்தான் 'நாலும் இறங்கியிருக்கு, கம்ப்ரஸர்தான்' என்று முடிவு கட்டுகிறார்கள். பள்ளிகொண்டாவில் நாலும் உட்கார்ந்ததும் என் வண்டிக்கும் இதே முடிவைத்தான் கட்டினார்கள்.

அதனால் இரண்டாம் நாள் இரவு, வண்டியை நிறுத்திப் பூட்டி ஒரு பத்து நிமிஷம் கழித்து, சஸ்பென்ஷனுக்கான ஃப்யூஸைப் பிடுங்கிவிடுங்கள். எந்த ஃப்யூஸ் என்று கையேட்டில் இருக்கும். கன்ட்ரோல் யூனிட்டுக்கும் கம்ப்ரஸருக்கும் தனித்தனி ஃப்யூஸ் இருந்தால், பிடுங்க வேண்டியது கன்ட்ரோல் யூனிட்டுடையது. மின்சாரம் இல்லாதபோது வால்வுகள் மூடியே இருக்கும்; ஒவ்வொரு பையும் தனித்தனியாக நிற்கும். இப்போது காலையில் எந்த மூலை இறங்கியிருக்கிறதோ அதுதான் திருடன். ஃப்யூஸை மறுபடி போட்ட பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். மறந்து ஓட்டிவிடாதபடி சாவியில் ஒரு துணியைக் கட்டிவையுங்கள்.

சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். வேலூரில் பகலில் 40 டிகிரி கொதித்துவிட்டு விடியற்காலையில் தணியும்போது பைக்குள் இருக்கும் காற்றும் சுருங்கும். நான்கும் ஒரே அளவு லேசாக இறங்கினால் அது வெறும் குளிர்ச்சி. ஒன்று மட்டும் 20 மி.மீ.க்கு மேல் இறங்கினால் கசிவு. ஓர் இரவில் ஒன்றும் தெரியவில்லையென்றால் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

சோப்புத் தண்ணீர்

மூலை தெரிந்துவிட்டது. இப்போது அந்த மூலையில் எங்கே என்று தேட வேண்டும். பாத்திரம் துலக்கும் லிக்விட் கொஞ்சம், தண்ணீர், செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில். நுரையை முன்கூட்டியே அடித்துவிடாதீர்கள். இருக்கும் நுரைக்கும் கசிவு நுரைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

வண்டியை உயர்ந்த நிலைக்கு ஏற்றி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து பை தெரியும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் மண்ணைத் தட்டுங்கள். பாலாற்று மணலும் செம்மண்ணும் அந்த மடிப்பில்தான் போய் உட்காரும், ரப்பரை அறுப்பதும் அதுதான். பிறகு பையின் கீழ்மடிப்பு, பையின் உச்சியில் குழாய் நுழையும் இடம், வால்வ் பிளாக்கில் அந்தக் குழாய் சேரும் இடம் என்று வரிசையாகத் தெளியுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிஷமாவது பொறுங்கள். பெரிய ஓட்டை உடனே குமிழும், இரவு முழுக்கக் கசிந்து இறங்கும் ஓட்டை மெதுவாகத்தான் காட்டும். ரோடு சத்தம் அடங்கிய நேரமாக இருந்தால் 'ஸ்ஸ்' என்ற ஓசையே சில சமயம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே உயரத்தில் மட்டும் பார்த்துவிட்டு 'பை நல்லா இருக்கு' என்று விட்டுவிடக் கூடாது. வண்டி ஏறி இறங்கும்போது ரப்பர் மடியும் இடமும் மாறும். உயர்ந்த நிலையில் வாய் மூடியிருக்கும் வெடிப்பு, வழக்கமான உயரத்தில் மடிப்பின் முதுகில் வந்து வாயைத் திறக்கும். அதனால் வழக்கமான உயரத்திலும் ஒரு முறை தெளித்துப் பாருங்கள். எட்டு, பத்து வருஷம் ஓடிய பை என்றால் மடிப்பில் வறண்ட குளத்து மண்போல் பொடி வெடிப்புகள் கண்ணுக்கே தெரியும். அப்படி இருந்தால் குமிழி வராவிட்டாலும் பைக்கு நாள் நெருங்கிவிட்டது.

குழாயிலும் ஒரு கண் இருக்கட்டும். நம் பக்கத்தில் எலித் தொல்லை சொல்ல வேண்டியதில்லை. வண்டி நான்கு நாள் நின்றால் ஒயரோடு நைலான் குழாயையும் கடித்துவைக்கும். பல் பட்ட தடம் தெரிந்தால் அந்த இடத்தில் தெளித்துப் பாருங்கள். இது கிடைத்தால் அதிர்ஷ்டம். கடிபட்ட இடத்தைக் காற்றை இறக்கிவிட்டு பிளேடால் நேராக வெட்டி, அதே விட்டத்துக்கு உள்ள புஷ்-ஃபிட் இணைப்பான் போட்டால் போதும். நியூமேட்டிக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், விலையும் சொற்பம். வாங்கும்போது அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். வெட்டு கோணலாக இருந்தால் மறுபடி கசியும்.

வெளியே எங்கும் குமிழி இல்லை, ஆனால் மூலை இறங்குகிறது என்றால் வால்வ் பிளாக்குக்கு உள்ளேயே கசிவு. கம்ப்ரஸரின் வெளியேற்றுக் குழாய் முனையில் சோப்பு நுரையை வைத்துப் பாருங்கள். எதுவும் ஓடாதபோதும் அங்கே குமிழ் ஊதிக்கொண்டே இருந்தால் உள் வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம்.

சென்சார்

ஒரு மூலை இறங்குவதற்குப் பதில் வழக்கத்தைவிட உயரமாகத் தூக்கிக்கொண்டு நின்றால், அல்லது ஓடும்போது மட்டும் திடீரென்று உயரம் மாறினால், காற்றைத் தேட வேண்டாம். சென்சாரைப் பாருங்கள். சஸ்பென்ஷன் ஆர்மோடு அதை இணைக்கும் சின்னக் கம்பியின் குண்டு மூட்டு கழன்றோ உடைந்தோ இருக்கும். வேகத்தடையில் அடி வாங்கிய வண்டிகளில் இது சகஜம். கையால் லேசாக அசைத்தாலே தெரிந்துவிடும்.

கம்ப்ரஸருக்கு இப்போதுதான் வர வேண்டும்

விடியற்காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது சோதியுங்கள். சூடேறிய கம்ப்ரஸரைக் கன்ட்ரோல் யூனிட்டே நிறுத்திவைக்கும். மே மாதப் பகலில் அது ஓடவில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எல்லாக் கதவையும் மூடுங்கள், கதவு திறந்திருந்தால் பல வண்டிகள் உயரத்தை மாற்றாது. இன்ஜினை ஓடவிட்டு உயரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே (கம்ப்ரஸருக்கு மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்), ஒயர் இணைப்பு என்ற வரிசையில் பாருங்கள். ஓடுகிறது, ஆனால் வண்டி ஏறவில்லை, வெளியே கசிவும் இல்லை என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் டிரையர் அடைத்திருக்கும். பல மாடல்களுக்கு ரிங்கும் டிரையருக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகளும் தனியாகவே கிடைக்கின்றன. முழுக் கம்ப்ரஸரும் வாங்கும் முன் இதைக் கேளுங்கள்.

சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரஸர் விடாமல் ஓடினால் ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டது. உடனே ரிலேயைப் பிடுங்குங்கள். விட்டுவைத்தால் மோட்டார் எரியும் வரை ஓடும். கம்ப்ரஸர் மாற்றும் யாரும் ரிலேயையும் கூடவே மாற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி. பழைய கம்ப்ரஸர் மூச்சு வாங்கி ஓடியபோது அந்த ரிலேயும் சேர்ந்தே வெந்திருக்கும்.

டிரையரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. உள்ளே வெள்ளை மணிகள் ஜவ்வரிசி மாதிரி இருக்கும். என் பழைய கம்ப்ரஸரைப் பிரித்தபோது ஜவ்வரிசி இல்லை, ஊறிக் காய்ந்த மாவுதான் இருந்தது. கசிவு இருந்தால் கம்ப்ரஸர் அதிகம் ஓடும். அதிகம் ஓடினால் ஈரக் காற்று அதிகம் வரும். மணிகள் நிறைந்து பொடியாகும். பிறகு ஈரமும் பொடியும் வால்வ் பிளாக்குக்குள் போய் உட்காரும். பையில் ஆரம்பித்த ஒரு மயிரிழை வெடிப்பு இப்படித்தான் மூன்று பாகங்களைக் காவு வாங்குகிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது போல முட்டளவு தண்ணீரில் வண்டியை ஓட்டியிருந்தால், டிரையரைத் திறந்து பார்ப்பது நல்லது.

ஸ்கேனர்

300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் பழுதை மட்டுமே படிக்கும். சஸ்பென்ஷனைப் படிக்க அந்தந்த வண்டிக்கான கருவி வேண்டும்: ஆடிக்கு வி.சி.டி.எஸ்., மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி, லேண்ட் ரோவருக்கு ஜிஏபி ஐஐடி போல. ஸ்கேனரில் பழுதுக் குறியீடு வந்தாலும் அதை அப்படியே பாகத்தின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். லேண்ட் ரோவரில் வரும் சி1ஏ20 சொல்வது, தொட்டி நிறையும்போது அழுத்தம் மெதுவாக ஏறுகிறது என்பதை மட்டும்தான். கம்ப்ரஸர் தளர்ந்தாலும் வரும், காற்று கசிந்தாலும் வரும். எது என்று சொல்வது உங்கள் நோட்டில் இருக்கும் நான்கு எண்கள்தான்.

நடுரோட்டில் உட்கார்ந்தால்

ஓரம் கட்டி, நிறுத்தி, பூட்டி, ஒரு கால் மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டால் நின்ற கம்ப்ரஸர் என்றால் மறுபடி எழும். எழுந்தால் மெதுவாக, 50-ஐத் தாண்டாமல் வீடு சேருங்கள். எழவில்லை, டயர் மட்கார்டில் உரசுகிறது என்றால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம், டயர் கிழியும். கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள், வண்டியை முழுக்க ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் லாரியைக் கூப்பிடுங்கள். ஏலகிரி மாதிரி 14 கொண்டை ஊசி வளைவு உள்ள மலைக்குக் கிளம்பும் காலையில் வண்டி சாய்ந்து நின்றால் அன்றைக்கு வேறு வண்டியில் போங்கள்.

ஒர்க்‌ஷாப்பில்

'சஸ்பென்ஷன் போயிடுச்சு' என்று ஒப்படைக்காதீர்கள். "ஃப்யூஸ் எடுத்து வைத்தபோது முன் இடது மட்டும் 12 மணி நேரத்தில் இத்தனை மி.மீ. இறங்கியது, மடிப்பில் குமிழி வந்தது" என்று நோட்டைக் காட்டுங்கள். குமிழி வந்த இடத்தை மொபைலில் வீடியோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. பேச்சின் தொனியே மாறிவிடும்.

செலவைப் பார்த்து, நான்கையும் கழற்றிவிட்டு இரும்புச் சுருள் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு பை போனதற்கு அது அவசரம். கசிவு ஒரே இடத்தில் என்றால் அதை மட்டும் மாற்றுங்கள். அதே அச்சில் இன்னொரு பக்கப் பையும் அதே வயதுதான் என்பதால் அதற்கும் பணம் ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பை மாட்டும்போது பக்கத்தில் நின்று ஒன்றைக் கவனியுங்கள். பைக்குள் காற்று ஏறுவதற்கு முன் வண்டியின் முழு எடையை அதன்மேல் இறக்கக் கூடாது. வெறும் பை நசுங்கி, மடிப்பு தப்பாக விழுந்து, புதிதாகவே கிழியும். கொஞ்சம் காற்று ஏற்றிய பிறகுதான் ஜாக்கியை முழுக்க இறக்க வேண்டும். சென்சாரோ பையோ மாற்றினால் ஸ்கேனரில் உயரத்தை மறுபடி செட் செய்து, வீல் அலைன்மென்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அன்று இரவே டேப்பை எடுத்து நான்கு மூலையையும் அளந்து எழுதிவிட்டுப் படுங்கள். காலையில் கதவைத் திறக்காமல் மறுபடி அளங்கள். என் நோட்டில், புதுப் பை மாட்டிய மறுநாள் காலையில் எழுதிய நான்கு எண்களும் முந்தைய இரவைவிட 3 மி.மீ.தான் குறைவு, நான்கும் ஒரே அளவு. அதற்குப் பிறகுதான் இரண்டாவதாகக் கருகிய கம்ப்ரஸருக்குப் பதில் வேறொன்று வாங்க ஆர்டர் கொடுத்தேன். அதுவரை பாய் தன் பட்டறை ஏர் ஹோஸை வைத்துப் பையில் நிரப்பிக் கொடுத்த காற்றிலேயே வண்டி அசையாமல் நின்றிருந்தது.